மின்னோட்டம் வளர்தலும் தளர்தலும்: மின்தூண்டிச் சுற்றின் இயல்பு

மலேசிய மண்ணில் மின்சாரம் ஆக்கப்பட்டமைக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிவு 1894ஆம் ஆண்டினது. சிலாங்கூரின் ராவாங் ஊரில் லோக் யூ அவர்களும் கே. தம்புசாமி பிள்ளை அவர்களும் தம் ஈயச் சுரங்கத்துக்கென மின்னாக்கி ஒன்றை நிறுவினர். சுரங்கக் குழிகளில் ஊறிய நீரை மின்சாரத்தால் இயங்கும் இறைப்பிகள் வெளியேற்றின. அடுத்த ஆண்டிலேயே கோலாலம்பூர் இரயில் நிலையங்களுக்கு மின்வசதி கிட்டியது. 1873இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்த அதே தம்புசாமி பிள்ளைதாம் இந்நாட்டின் முதல் மின்னாக்கியை நிறுவிய இருவருள் ஒருவர் என்பது தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

அந்த இறைப்பிகளை ஓட்டிய மின்னோடிகளின் உள்ளே செப்புக் கம்பிச் சுருள்கள் இருந்திருத்தல் வேண்டும். சுருளில்லாத மின்னோடி இல்லை. மோட்டார் என்று நாம் வழங்கும் கருவி அனைத்திலும், மின்மாற்றியிலும், அழைப்பு மணியிலும், மோட்டார் சைக்கிளின் தீப்பொறி அமைப்பிலும் இச்சுருள் உண்டு. இதனையே பாடநூல்கள் மின்தூண்டி என்கின்றன. மின்தூண்டி உள்ள சுற்றில் சாவியை மூடினால் மின்னோட்டம் எவ்வாறு வளர்கிறது, சாவியைத் திறந்தால் எவ்வாறு தளர்கிறது என்பதே இவ்வுரையின் பொருள். தேர்வுக்குரிய பாடமாக மட்டும் இது நின்றுவிடுவதில்லை. இதனைத் தவறாக விளங்கிக்கொண்டவர், பன்னிரண்டு வோல்ட் மின்கலம்தானே என்று எண்ணிச் சுருளின் முனையை வெறுங்கையால் பிரிக்கத் துணிவார். அத்துணிவின் விளைவு யாதென்பதை இவ்வுரையின் இடையில் கணக்கிட்டே காண்போம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தமிழில் தூண்டுதல் என்னும் சொல் முன்னே உந்துதலைக் குறிப்பது. மங்கும் விளக்கின் திரியைத் தூண்டுகிறோம். அதற்கென வைத்திருக்கும் கருவி தூண்டுகோல். சோர்ந்தவனை ஊக்கப்படுத்துவதும் தூண்டுதலே. ஆதலின் மின்தூண்டி என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும் மாணவர், அது மின்னோட்டத்தை விரைவுபடுத்தும் ஒரு கருவி என்று கருதுவது இயல்பு. உண்மையோ இதற்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. சாவியை மூடியவுடன் மின்னோட்டம் தாவி எழாதபடி அது தாமதப்படுத்துகிறது.

முரண் சொல்லில் இல்லை. எது எதைத் தூண்டுகிறது என்று நாம் கேளாமையில்தான் உள்ளது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அதனைச் சூழ்ந்து காந்தப்புலம் உண்டாகிறது. மின்னோட்டம் மாறினால் காந்தப்புலமும் மாறும். மாறும் காந்தப்புலம் அச்சுருளிலேயே ஒரு மின்னியக்கு விசையைத் தூண்டும். தூண்டப்படுவது மின்னியக்கு விசையே, மின்னோட்டம் அன்று. அவ்விசை, தன்னைத் தோற்றுவித்த மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே அமையும். தன்னுள் நிகழும் மாற்றத்தால் தன்னிலேயே விசை தூண்டப்படுவதால் இதற்குத் தன்மின்தூண்டல் என்று பெயர்.

மைக்கேல் பாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலை வெளிப்படுத்தினார். நீண்ட கம்பியைச் சிறிய மின்கலத்தோடு இணைத்துப் பின் துண்டித்தால் துண்டிக்கும் கணத்தில் ஒளிமிக்க பொறி எழுவதை அமெரிக்கரான ஜோசப் ஹென்றி கண்டு 1832இல் எழுதினார். கம்பியைச் சுருளாக்கினால் பொறி மேலும் வலுப்பதையும் அவர் குறித்தார். தூண்டப்படும் விசை மாற்றத்தை எதிர்க்கும் என்னும் விதியை 1834இல் லென்ஸ் வகுத்தார். மின்னோட்டம் காலத்தோடு வளரும் முறைக்கான சமன்பாட்டை 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தந்தார். தன்மின்தூண்டலை அளக்கும் அலகுக்கு ஹென்றி என்ற பெயரைச் சிகாகோவில் 1893இல் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு ஏற்றது. அவ்வாண்டு அதே நகரில் நடந்த சமயப் பேரவையில்தான் விவேகானந்தர் உரையாற்றினார். அவர் பெயரால் 1904இல் எழுந்த ஆசிரமம் பிரிக்பீல்ட்சில் இன்றும் நிற்கிறது. ராவாங்கில் மின்னாக்கி சுழலத் தொடங்கியது அம்மாநாட்டுக்கு அடுத்த ஆண்டில் என்பதை எண்ணினால், இவ்வறிவியல் நம் மண்ணுக்கு எத்துணை விரைவில் வந்தது என்பது விளங்கும்.

மின்தடையும் மின்தூண்டியும் வேறு வேறு

மாணவர் விடைத்தாள்களில் மின்தூண்டி மின்னோட்டத்தைத் தடுக்கும் என்ற தொடர் அடிக்கடி காணப்படுவது. இத்தொடர் பிழையானது. மின்னோட்டத்தை எதிர்ப்பது மின்தடை. மின்னோட்டத்தின் மாற்றத்தை எதிர்ப்பது மின்தூண்டி. மாறாத மின்னோட்டம் பாயும்போது மின்தூண்டி எவ்வித எதிர்ப்பையும் காட்டாது. கம்பிக்கு இயல்பாக உள்ள மின்தடை மட்டுமே அப்போது எஞ்சும்.

கே.எல். சென்ட்ரல் நிலையத்திலிருந்து கிள்ளான் நோக்கிப் புறப்படும் கொமுட்டர் தொடர்வண்டியை நினைத்துப் பார்ப்போம். புறப்பட்ட கணத்திலேயே அது முழு விரைவை எய்துவதில்லை; அதன் நிறை அதற்கு இடந்தராது. முழு விரைவை எய்திய பின் அந்நிறை ஓட்டத்துக்குத் தடையாக இருப்பதுமில்லை. உராய்வும் காற்றுமே தடைகள். சுபாங் ஜெயாவை நெருங்கும்போது வண்டியை நிறுத்த முயன்றால், ஓட்டத்தைத் தொடர முனைவதும் அதே நிறைதான். இப்பண்பை இயற்பியல் நிலைமம் என்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் சடத்துவம் என்கின்றன. வண்டிக்கு நிறை எவ்வாறோ, மின்சுற்றுக்கு மின்தூண்டல் அவ்வாறு. வண்டியின் விரைவு எவ்வாறோ, சுற்றின் மின்னோட்டம் அவ்வாறு. உராய்வு எவ்வாறோ, மின்தடை அவ்வாறு. இவ்வொப்புமையை மனத்தில் கொண்டால் மேலே கூறப்போவன அனைத்தும் எளிதில் விளங்கும்.

எளிய கணக்கு ஒன்று

12 வோல்ட் மின்கலம், 6 ஓம் மின்தடை, 0.6 ஹென்றி மின்தூண்டி, ஒரு சாவி ஆகியவற்றைத் தொடராக இணைத்துள்ளோம் என்க. சாவியை மூடியபின் எந்தக் கணத்திலும் பின்வரும் கூற்று மெய்யாக இருக்கும்:

மின்கல அழுத்தம் = (மின்தடை × மின்னோட்டம்) + (மின்தூண்டல் எண் × மின்னோட்டம் மாறும் வீதம்)

அதாவது மின்கலத்தின் 12 வோல்ட் இரு பங்காகப் பிரிகிறது. ஒரு பங்கு மின்தடை வழியே மின்னோட்டத்தைச் செலுத்தப் பயன்படுகிறது. எஞ்சிய பங்கு மின்னோட்டத்தை வளர்க்கப் பயன்படுகிறது.

சாவியை மூடிய கணத்தில் மின்னோட்டம் சுழி. ஆகவே மின்தடையின் பங்கு ஏதுமில்லை. 12 வோல்ட் முழுவதும் சுருளின்மேல் விழுகிறது. அப்போது மின்னோட்டம் வளரும் வீதம் 12 ÷ 0.6, அதாவது நொடிக்கு 20 ஆம்பியர். மின்னோட்டம் 1 ஆம்பியரை எட்டும்போது மின்தடை 6 வோல்ட்டை எடுத்துக்கொள்கிறது. சுருளுக்கு எஞ்சுவது 6 வோல்ட்டே; வளரும் வீதம் நொடிக்கு 10 ஆம்பியராகக் குறைகிறது. மின்னோட்டம் 2 ஆம்பியரை எட்டினால் மின்தடையே 12 வோல்ட்டையும் எடுத்துக்கொள்ளும், வளர்ச்சி நின்றுவிடும். ஆதலின் 2 ஆம்பியரே இச்சுற்றின் இறுதி மின்னோட்டம். அதனை நெருங்க நெருங்க வளர்ச்சி மெல்லென நடக்கிறது.

நுண்கணிதம் கல்லாத மாணவரும் இவ்வளர்ச்சியைத் தம் கையாலேயே கணக்கிடலாம். நொடியில் நூறில் ஒரு பங்கை ஓர் அடியாகக் கொள்வோம். ஓர் அடியின் போது வளரும் வீதம் மாறுவதில்லை என்று தோராயமாக வைத்துக்கொள்வோம்.

முதல் அடி: வீதம் 20, மின்னோட்டம் 0.2 ஆம்பியர் ஆகிறது.
இரண்டாம் அடி: சுருளுக்கு எஞ்சுவது 10.8 வோல்ட்; வீதம் 18; மின்னோட்டம் 0.38 ஆம்பியர்.
மூன்றாம் அடி: சுருளுக்கு எஞ்சுவது 9.72 வோல்ட், வீதம் 16.2, மின்னோட்டம் 0.542 ஆம்பியர்.

இனி இறுதி மின்னோட்டத்துக்கு இன்னும் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்போம். தொடக்கத்தில் குறை 2 ஆம்பியர். பின்னர் 1.8, அதன்பின் 1.62, அதன்பின் 1.458. ஒவ்வோர் அடியிலும் குறையில் பத்தில் ஒரு பங்கு நீங்குகிறது. பத்தில் ஒன்பது பங்கு எஞ்சுகிறது. மாதந்தோறும் எஞ்சியுள்ள கடனில் பத்தில் ஒரு பங்கை அடைப்பவரின் நிலையும் இதுவே. முதல் மாதத்தில் பெருந்தொகை அடைபடும். மாதம் செல்லச் செல்லக் கட்டும் தொகை சிறுக்கும். கடனோ முற்றிலும் தீர்ந்துவிடாது, ஆயினும் ஒரு கட்டத்தில் பொருட்படுத்தத் தகாததாகிவிடும். சூடான தேநீர் முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் ஆறுவதும், பிரிக்பீல்ட்சுக்குப் பெயர் தந்த செங்கற் சூளைகள் அணைந்தபின் ஆறியதும் இவ்விதியைப் பெரும்பாலும் தழுவியே. எஞ்சியுள்ளதற்கு ஏற்ற வீதத்தில் குறைவது என்பதே இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு.

பத்து அடிகள், அதாவது 0.1 நொடி கழிந்தபின் குறை 2 × 0.349 = 0.70 ஆம்பியர். அடிகளைச் சிறிதாக்கினால் கணக்குத் துல்லியமாகும். 0.1 நொடியை நூறு அடிகளாகப் பகுத்தால் எஞ்சும் பங்கு 0.366, ஆயிரம் அடிகளாகப் பகுத்தால் 0.3677. அடிகளை எவ்வளவு நுணுக்கினாலும் இவ்வெண் 0.3679 என்பதைத் தாண்டுவதில்லை. இதன் தலைகீழ் 2.718. கணித நூல்கள் இயல் மடக்கையின் அடிமானமாகக் கொள்ளும் எண் இதுவே. அடுக்குக்குறிச் சார்பு என்று மேல்வகுப்பில் கற்கும் பொருள் எங்கிருந்தோ கொண்டுவந்து திணிக்கப்பட்டதன்று. பெருக்கலும் கழித்தலும் அறிந்த மாணவரின் பயிற்சி ஏட்டிலேயே அது தோன்றிவிடுகிறது. ஆசிரியர்கள் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன் இவ்வடிக் கணக்கை மாணவர் செய்யுமாறு விடுதல் நன்று.

கால மாறிலி

மேலே 0.1 நொடியை நாம் எடுத்துக்கொண்டது காரணத்தோடுதான். மின்தூண்டல் எண்ணை மின்தடையால் வகுத்தால், 0.6 ÷ 6 = 0.1 நொடி கிடைக்கிறது. இதனைச் சுற்றின் கால மாறிலி என்பர். தொடக்க வீதம் தளராமலே நீடித்திருப்பின் மின்னோட்டம் இறுதி அளவை எய்த எவ்வளவு காலம் ஆகுமோ அதுவே கால மாறிலி. உண்மையில் வீதம் தளர்வதால் அக்காலத்தில் இறுதி அளவில் 63.2 விழுக்காடே எய்தப்படுகிறது. நம் சுற்றில் 0.1 நொடியில் 1.26 ஆம்பியர், 0.2 நொடியில் 1.73, 0.3 நொடியில் 1.90, 0.5 நொடியில் 1.99. ஐந்து கால மாறிலி கழிந்தால் வளர்ச்சி முற்றுப்பெற்றதாகக் கொள்வது பொறியியல் வழக்கு.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். மின்தடையைக் கூட்டினால் மின்னோட்டம் மேலும் மெதுவாக வளரும் என்று பலர் எண்ணுவர். நம் சுற்றில் மின்தடையை 12 ஓமாக இரட்டிப்போம். தொடக்க வீதம் மாறவில்லை. அது மின்கலத்தையும் சுருளையும் மட்டுமே பொறுத்தது, நொடிக்கு அதே 20 ஆம்பியர். ஆனால் இறுதி மின்னோட்டம் 1 ஆம்பியராகவும் கால மாறிலி 0.05 நொடியாகவும் பாதியாகின்றன. செல்ல வேண்டிய தொலைவு குறைந்தமையால் விரைவில் சென்று சேர்கிறது. வளர்ச்சியை மெதுவாக்க வேண்டுமெனில் மின்தூண்டல் எண்ணைக் கூட்டுதல் வேண்டும். அதற்குச் சுற்றுகளைப் பெருக்கலாம், சுருளினுள் இரும்பு உள்ளகத்தைச் செருகலாம்.

சாவியைத் திறக்கும் கணம்

மின்னோட்டம் 2 ஆம்பியரில் நிலைத்துவிட்டது. இப்போது சுருளின் காந்தப்புலத்தில் ஆற்றல் தேங்கியுள்ளது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் நிறையையும் விரைவின் இருமடியையும் பெருக்கிய தொகையில் பாதி என்பதுபோல, இவ்வாற்றலும் மின்தூண்டல் எண்ணையும் மின்னோட்டத்தின் இருமடியையும் பெருக்கிய தொகையில் பாதி: 0.5 × 0.6 × 4 = 1.2 ஜூல். ஏறத்தாழ 120 கிராம் பொருளை ஒரு மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் இது. பெரிதன்று. ஆனால் அது எவ்வளவு காலத்தில் வெளிப்படுகிறது என்பதே கேள்வி.

சாவியைத் திறந்து 2 ஆம்பியர் மின்னோட்டத்தை ஆயிரத்தில் ஒரு நொடியில் சுழியாக்க முயல்வோம் என்க. மாறும் வீதம் நொடிக்கு 2000 ஆம்பியர். அதனை 0.6ஆல் பெருக்கினால் 1200 வோல்ட். 12 வோல்ட் மின்கலம் மட்டுமே உள்ள சுற்றில், அதனைப்போல் நூறு மடங்கு அழுத்தம் சாவியின் இரு முனைகளுக்கிடையே எழுகிறது. காற்று அயனியாகிப் பொறி பறக்கிறது. அப்பொறியின் வழியே மின்னோட்டம் இன்னும் சிறிது நேரம் தொடர்கிறது. ஹென்றி கண்ட ஒளி இதுவே. அக்கணத்தில் ஒருவரின் இரு கைகளும் சுருளின் இரு முனைகளைப் பற்றியிருப்பின், மின்னோட்டம் அவர் உடலின் வழியே தொடர முனையும். மின்கலத்தின்மேல் எழுதியுள்ள எண்ணை மட்டும் நம்பி அச்சமின்றி இருத்தல் ஏன் பிழை என்பது இப்போது விளங்கும். சிறு சுருளாயின் அதிர்ச்சியோடு போகும். தொழிற்சாலை மின்காந்தங்களிலும் பெரிய மின்னோடிகளிலும் தேங்கும் ஆற்றல் இதைப்போல் பல மடங்கு. அங்கே உயிருக்கே இடர் நேரலாம்.

இதற்கு மாற்று உண்டு. சாவி திறந்தபின் மின்னோட்டம் சுற்றிவர வேறொரு வழியை முன்கூட்டியே அமைத்துவிடுவதே அது. ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை விடும் டையோடு ஒன்றைச் சுருளுக்கு இணையாக வைத்தால், சாவி மூடியிருக்கும்போது அதன் வழியே ஏதும் பாயாது. சாவி திறந்தவுடன் சுருளின் மின்னோட்டம் அதன் வழியே சுற்றி மெல்லத் தளரும். நம் எடுத்துக்காட்டின் மின்தடையும் அவ்வழியில் இருப்பதாகவும், டையோடின் சிற்றழுத்தத்தைத் தள்ளியும் கணக்கிட்டால், 0.1 நொடியில் 0.74 ஆம்பியர், 0.2 நொடியில் 0.27, 0.3 நொடியில் 0.10, 0.5 நொடியில் 0.01 என்றாகும். வளர்ந்தபோது குறை எவ்வாறு தேய்ந்ததோ, தளரும்போது மின்னோட்டமே அவ்வாறு தேய்கிறது. ஓடும் வண்டியைச் சுவரில் மோதி நிறுத்துவதற்கும் நீண்ட தொலைவில் தடையிட்டு நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடே இங்கும் உள்ளது.

தீங்கு செய்யும் இவ்வழுத்தத்தை மனிதர் பயனாகவும் மாற்றியுள்ளனர். பழைய குழல்விளக்குகளில் இருந்த சோக்கு ஏறத்தாழ ஒரு ஹென்றி மின்தூண்டல் கொண்ட சுருளே. ஸ்டார்ட்டர் என்னும் சிறு குப்பி முதலில் சுற்றை மூடிக் குழலின் இழைகளைச் சூடாக்கும். பின் திடீரெனத் திறக்கும். அப்போது சோக்கில் எழும் பல நூறு வோல்ட் அழுத்தமே குழலினுள் உள்ள வளிமத்தைக் கடத்தியாக்கி விளக்கை ஏற்றியது. முதல் திறப்பில் மின்னோட்டம் போதாத அளவினதாயின் குழல் இருமுறை மும்முறை இமைத்த பிறகே எரியும். நம் வீடுகளில் நாம் கண்ட அவ்விமைப்பு ஒவ்வொன்றும் தன்மின்தூண்டல் பாடத்தின் ஒரு செய்முறையே. மோட்டார் சைக்கிளிலும் மகிழுந்திலும் 12 வோல்ட் மின்கலத்திலிருந்து இருபதாயிரம் வோல்ட் அளவில் தீப்பொறி எழுவதும், சுருளின் மின்னோட்டத்தைத் திடீரென வெட்டுவதன் பயனே. அங்கே அதனருகில் பன்மடங்கு சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருள் அழுத்தத்தை மேலும் பெருக்குகிறது.

ஒரே நிலையத்தில் இருவகை மின்சாரம்

கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இணைத்து 1886இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. பிரிக்பீல்ட்சின் இரயில்வே குடியிருப்புகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. 1995இல் கொமுட்டர் மின்தொடர்வண்டிச் சேவை தொடங்கியது. முதல் மின்னாக்கி கண்ட ராவாங்கும் மின்தொடர்வண்டி முதலில் சென்ற ஊர்களுள் ஒன்றாயிற்று. 2001இல் திறக்கப்பட்ட கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இன்று நாம் நின்று பார்த்தால், நம் பாடத்தின் இரு முகங்களையும் ஒருங்கே காணலாம்.

கொமுட்டர் வண்டி மேல்நிலைக் கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பெறுகிறது. 1998இல் தொடங்கிய கெலானா ஜெயா தட வண்டிகளும், 2003இல் துன் சம்பந்தன் சாலையோரம் ஓடத் தொடங்கிய மோனோரயிலும் 750 வோல்ட் நேர்த்திசை மின்சாரத்தில் இயங்குகின்றன. 25,000 வோல்ட்டை வெட்டுவதே கடினம், 750 வோல்ட்டை வெட்டுதல் எளிது என்று தோன்றும். ஆனால் நேர்த்திசை மின்சாரத்துக்கெனத் தனியானதொரு இடர்ப்பாடு உண்டு.

மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை அது சுழியைக் கடக்கிறது. நூறில் ஒரு நொடிக்கு ஒருமுறை மின்னோட்டம் தானே அடங்கும் கணம் வருகிறது. அக்கணத்தில் காந்தப்புலத்தின் ஆற்றலும் சுழி. வெட்டும் கருவி தன் முனைகளைப் பிரித்துவைத்து அக்கணத்துக்காகக் காத்திருந்தால் போதும். மின்வில் அணையும், மீண்டும் மூளாதவாறு இடைவெளியைக் காத்தல் மட்டுமே எஞ்சும் வேலை. நேர்த்திசை மின்னோட்டத்துக்கோ அத்தகைய கணம் இல்லை. தடத்தின் மின்தூண்டலும் மின்னோடிச் சுற்றின் மின்தூண்டலும் ஓட்டத்தைத் தொடரவே முனையும். ஆதலின் வெட்டும் கருவி, எழும் மின்வில்லை நீட்டி, பல கூறுகளாகப் பிளந்து, குளிர்வித்து, வழங்கும் அழுத்தத்தை விஞ்சும் எதிரழுத்தத்தைத் தானே உண்டாக்கி மின்னோட்டத்தைச் சுழிக்கு இழுத்துவர வேண்டும். மின்தண்டவாளத்தின் இடைவெளிகளைக் கடக்கும்போது சில வேளைகளில் நீலப் பொறி பளிச்சிடுவதைப் பயணிகள் கண்டிருப்பர். அங்கே தொடர்பு அறும் கணத்திலும் ஓடிக்கொண்டிருக்க விழையும் மின்னோட்டமே அவ்வொளி.

மாறுதிசை மின்சாரம் சுருளின் வழியே செல்லும்போது நேர்வது மற்றொன்று. நம் 0.6 ஹென்றிச் சுருளின் மின்னோட்டம் முழுமை பெற அரை நொடி தேவை. மின்னழுத்தமோ நூறில் ஒரு நொடிக்கு ஒருமுறை திசை மாறுகிறது. வளரத் தொடங்கிய மின்னோட்டம் வளர்ந்து முடியுமுன்னே திரும்ப வேண்டியதாகிறது. எனவே 12 வோல்ட் நேர்த்திசையில் 2 ஆம்பியர் பாய்ந்த அதே சுற்றில், 12 வோல்ட் மாறுதிசையில் ஏறத்தாழ 0.064 ஆம்பியரே பாயும். முப்பதில் ஒரு பங்குதான். சோக்கு குழல்விளக்கின் மின்னோட்டத்தை அளவோடு வைத்ததும் இப்பண்பாலேயே. மின்தடை ஒன்றை அவ்விடத்தில் வைத்திருந்தால் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகியிருக்கும்.

வகுப்பறைக்கு இரு செய்முறைகள்

முதலாவது: ஒத்த இரு விளக்குகளை இணையாக அமைத்து, ஒன்றோடு மின்தடையையும் மற்றொன்றோடு பல நூறு சுற்றுகளும் மூடிய இரும்பு உள்ளகமும் கொண்ட சுருளையும் தொடராக இணைக்க. இறுதியில் இரு விளக்குகளும் ஒரே அளவு ஒளிருமாறு மின்தடையைச் சரிசெய்க. சாவியை மூடினால் முதல் விளக்கு உடனே ஒளிரும். சுருளுள்ள விளக்கு பின்தங்கி ஒளிர்ந்து அதனை எட்டிப்பிடிக்கும். மின்னோட்டம் வளரக் காலம் வேண்டும் என்பதை மாணவர் கண்ணால் காண்பர்.

இரண்டாவது: பழைய குழல்விளக்கிலிருந்து கழற்றிய சோக்கு, 9 வோல்ட் மின்கலம், அழுத்துசாவி ஆகியவற்றைத் தொடராக இணைத்து, சோக்கின் இரு முனைகளுக்கு இணையாகச் சிறு நியான் விளக்கை இடுக. நியான் விளக்கு ஒளிர எழுபது, எண்பது வோல்ட்டேனும் தேவை. சாவியை அழுத்தும்போது அது ஒளிராது. விடும்போது ஒரு கணம் மின்னும். ஒன்பது வோல்ட் எழுபதைத் தாண்டியது எங்ஙனம் என்ற கேள்வியை மாணவரே எழுப்புவர். இச்செய்முறையில் எவரும் திறந்த முனைகளைத் தொடலாகாது; வீட்டு மின்னிணைப்போடு சோக்கை எக்காரணம் கொண்டும் இணைக்கலாகாது.

நிறைவாக

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாண்டுக் கல்வியை முடித்து இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழி வழியே இயற்பியலைத் தொடர்கின்றனர். அங்கே கலைச்சொற்கள் மாறும், கருத்து மாறாது. தாய்மொழியில் தெளிவாக ஊன்றிய கருத்து எம்மொழிக்கும் பெயர்ந்து செல்லும். சொல்லை மட்டும் மனனம் செய்தவரோ மொழி மாறும்போது இரண்டையும் இழப்பர். ஆகவே மின்தூண்டி என்ற சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், தூண்டப்படுவது யாது, அது எதனை எதிர்க்கிறது என்ற இரு வினாக்களையும் அச்சொல்லோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

இவ்வுரையிலிருந்து ஒரே ஒரு தொடரை நினைவில் கொள்ள வேண்டுமெனில் அது இதுவாக இருக்கட்டும்: மின்தூண்டி மின்னோட்டத்தை எதிர்ப்பதில்லை, மின்னோட்டத்தின் மாற்றத்தையே எதிர்க்கிறது. சாவியை மூடும்போது இத்தொடர் பொறுமையைக் கற்பிக்கும். திறக்கும்போது எச்சரிக்கையைக் கற்பிக்கும். சுருளில் கைவைக்குமுன் மின்கலத்தின் எண்ணைப் பார்த்தல் மட்டும் போதாது. அச்சுருளில் எவ்வளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, அது நிற்பதற்கு எவ்வழியை அமைத்துள்ளோம் என்று கேட்டறிந்த பின்னரே கை நீளுதல் வேண்டும்.